பன்னிரண்டாவது எதிரி

முதலாவது, வேலி போட்டார்கள். மரக்கன்று நடப்போகிறோம், ஆடுமாடு கடிக்காமல் இருக்கத்தான் என்றார்கள். ஒரு கன்றுகூட நடவில்லை. இரண்டாவது, வேலியில் ஒரு கதவு வைத்து அதற்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் நகராட்சி அலுவலகத்தில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். மூன்றாவது, மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடக்க, பந்து குத்தி எழும்புகிற அந்த ஆடுகளத்தின் மேலேயே இடித்த கட்டடத்தின் கல்லையும் காரையையும் லாரி லாரியாகக் கொட்டினார்கள். நான்காவது, மனுக் கொடுத்தபோது, அப்படி ஒரு மைதானம் இந்த ஊரில் இல்லை என்று எழுத்திலேயே பதில் கொடுத்தார்கள். ஐந்தாவது, இல்லாத மைதானத்தில் ஆட முடியாது, இருக்கிற சாலையில் ஆடுகிறோம் என்று மட்டையும் குச்சியுமாக நெடுஞ்சாலையில் இறங்கியவர்கள்மேல், பயங்கர ஆயுதங்களோடு சட்டவிரோதமாகக் கூடியதாக வழக்குப் போட்டார்கள். ஆறாவது... ஆறாவதில் மாசானத்துக்கு வழக்கம்போல மனம் இடறியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்ற வராந்தாவின் இந்தச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் இந்த வரிசையை ஒருமுறை உள்ளுக்குள் ஓட்டிப் பார்ப்பார். முன்பின்னாக மாறிவிட்டால் திரும்ப வேலியிலிருந்து தொடங்குவார். செபம் மாதிரி இருக்கிறதே என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது, பிறகு துண்டறிக்கை எழுதிப் படித்தது. எழுதி எழுதி அவராகவே ஓர் இலக்கணம் கண்டுபிடித்திருந்தார்: செய்தவனை விட்டுவிட்டு வாக்கியம் எழுதாதே. ‘கல் கொட்டப்பட்டது’ என்று எழுதுகிறவன் குற்றவாளியைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைக்கிறான். போட்டார்கள், பூட்டினார்கள், கொட்டினார்கள் என்று எழுது. ஐந்து வாக்கியமும் அப்படித்தான் நிமிர்ந்து நிற்கின்றன. ஆறாவது மட்டும், எப்படிப் புரட்டிப் போட்டாலும், ‘ஞானதிரவியம் எதிரியாகவே சாக விடப்பட்டான்’ என்றுதான் வந்து விழுகிறது. விடப்பட்டான். யாரால்?

“எல்பி! வே, கால்லதான பட்டுச்சு, எல்பி இல்லையாவே அது?” என்று பக்கத்தில் தளவாய் துள்ளியதில் வாக்கியம் அறுந்துபோனது. தளவாய் ஓய்வுபெற்ற ஏட்டு. இந்த வழக்கில் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. மாசானம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாம் எதிரி. எதிரியும் சாட்சியும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலில் சாத்திவைத்த ஒரே கைப்பேசியில் ஒருநாள் ஆட்டம் பார்ப்பதை வெளியூர் வக்கீல்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். பதினேழு வருடம் ஒரே பெஞ்சு. உள்ளூர் வக்கீல்களுக்குப் பழகிவிட்டது. தளவாய்க்கு இந்தப் பக்கம் மாசானம், அந்தப் பக்கம் நான்காம் எதிரி கொம்பையா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிமன்றம் கூடியிருந்ததால் கைப்பேசியின் சத்தத்தை அடைத்துவைத்திருந்தார்கள். ஊமைப்படம் மாதிரி ஆட்டக்காரர்கள் வாயைத் திறந்து நடுவரிடம் கத்தினார்கள், நடுவர் அசையாமல் நின்றார். நம் அணி காலையில் முதலில் ஆடி நூற்று இருபத்தாறுக்குள் சுருண்டிருந்தது. எதிரணி அறுபத்தொன்றுக்கு நாலு. “ஸ்லிப்புல ரெண்டு ஆள நிறுத்தணும்வே. நூத்தி இருபத்தாற வச்சிக்கிட்டு ரன்னத் தடுத்து என்னத்துக்கு ஆச்சு? பத்துப் பேரையும் தூக்குனாத்தான் ஜெயிப்பு,” என்றார் தளவாய். “நிறுத்தும், நிறுத்தும். ஸ்லிப்புல நிக்கவன் வேடிக்க பாப்பான், அவனுக்குப் பின்னால நாலு நாலாப் போவும்,” என்றார் கொம்பையா. “எறுக்கிப் பிடிச்சா அவனே தூக்கி அடிச்சு அவனே அவுட் ஆவான் ஏட்டய்யா. பொறுமைதான் இங்க சரக்கு.” “பொறுமையப் பத்தி நீரு பேசாதீரும். காலையிலே வந்ததுல இருந்து அபராதத்தக் கெட்டிட்டுப் போயிருவோம், கெட்டிட்டுப் போயிருவோம்னு அரிச்சிக்கிட்டு இருக்கேரு.” கொம்பையா சிரித்தார். மாசானம் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரு சொல்லுததும் தப்பு,” என்றார். “அந்தச் சுழற்பந்துக்காரனுக்கு இன்னும் மூணு சுற்று மிச்சம் இருக்கு. இருக்கதுல நல்லாப் போடுதவன் அவன் ஒருத்தன்தான். கடைசிக்குன்னு பொத்தி வச்சிருக்கான் அணித்தலைவன். கையில இருக்க ஓட்டம் கம்மின்னா நல்ல பந்தை இப்பமே போட்டுரணும். வச்சிருந்தா, கடைசின்னு ஒண்ணு வரவே வராது.” “சுற்றாம்லா, சுற்று! ஓவருன்னு சொல்லும்வே. தமிழ்ல சொல்லலன்னா உம்ம கட்சிக்காரன் அபராதம் போட்டுருவானோ?”

மட்டை, மட்டையாளர், ஓட்டம், சுற்று, இலக்கு. எல்லாவற்றையும் தமிழில்தான் சொல்வார் மாசானம். வெள்ளைக்காரன் ஆட்டத்தை ஆடலாம், அவன் வாயை வாடகைக்கு வாங்க வேண்டியதில்லை என்று ஒரு துண்டறிக்கையில் எழுதியே இருக்கிறார். ஒரே ஒரு சொல்லை மட்டும் தளவாய் முன்னால் அவர் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை. மட்டையில் படாமல் வருகிற ஓட்டங்கள், அகலப்பந்தில் வருவது, தப்புப்பந்தில் வருவது, காலில் பட்டு ஓடுவது, யார் கணக்கிலும் சேராமல் பட்டியலின் கடைசியில் போய் உட்காருகிறவை. அதை மட்டும் கொம்பையாவைப் போல அவரும் எக்ஸ்ட்ரா என்பார். சொல்லும்போதெல்லாம் வாயில் மண் பட்ட மாதிரி இருக்கும். இருந்தும் சொல்வார். அன்றைக்கு நெடுஞ்சாலையில் ஆடியபோது, ஆட்டம் என்றால் முறையாக இருக்க வேண்டும் என்று கறுப்புப் பலகை ஒன்றில் வெள்ளைப் பெயிண்டால் ஆட்டக்காரர்களின் பெயரை வரிசையாக எழுதியது அவர்தான். சுவரெழுதிய கை, எழுத்து நின்று பேசும். பெயருக்கு எதிரே ஓட்டம், பதினோரு பெயருக்குக் கீழே பன்னிரண்டாவதாக எக்ஸ்ட்ராவுக்குத் தமிழில் ‘உதிரி’, அதற்கு எதிரே அதன் ஓட்டம். தார்ச்சாலையில் பந்து குதித்த குதியில் ஒருத்தராலும் நின்று ஆட முடியவில்லை. மட்டையில் பட்டதைவிடப் படாமல் போனது அதிகம். கடைசி ஆள் அவுட்டாகி, கடைசி எண்ணை எழுதி, பெயிண்ட் காய்வதற்குள் வேன் வந்துவிட்டது. பையன்கள் சந்து சந்தாகப் பாய்ந்தார்கள். பிடிக்க ஆளில்லாத போலீஸ் பலகையைப் பிடித்தது. அப்போது தளவாய்க்கு மட்டைக்கும் உலக்கைக்கும் வித்தியாசம் தெரியாது. பலகையில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாக அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனார். எதிரே இருந்த எண்கள் எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை. பலகையில் முதலில் மட்டை பிடித்த ஞானதிரவியம் முதல் எதிரி ஆனான். இரண்டாவது இறங்கிய மாசானம் இரண்டாம் எதிரி. பன்னிரண்டாம் எதிரி, உதிரி, தகப்பன் பெயர் தெரியவில்லை, தலைமறைவு.

குற்றப்பத்திரிகை கைக்கு வந்த நாளில் பதினோரு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாசானம்தான் கையைத் தூக்கினார். ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது. இது நம்ம கையில் இருக்கிற பந்து, நேரம் பார்த்துப் போடுவோம். உதிரிக்குப் பிடிவாரண்டு போட்டார்கள். தளவாய் தேடினார். சும்மா சொல்லக் கூடாது, உண்மையாகவே தேடினார். செங்கல் சூளை, மீன் சந்தை, தேரடி எல்லாம் போய் உதிரி உதிரி என்று விசாரித்தார். சூளையில் கூலிக்கு நிற்கிறவர்கள் நாங்க எல்லாருமே உதிரிதான் அய்யா, எங்கள்ல யாரு வேணும் என்று கேட்டார்களாம். ‘மேற்படி நபர் வெளியூர் சென்றுவிட்டதாகத் தெரியவருகிறது’ என்று ஒரு தடவை அறிக்கை கொடுத்தார். இன்னொரு தடவை, பேருந்து நிலையத்தில் கண்டு நெருங்கியபோது கூட்டத்தில் புகுந்து தப்பிவிட்டதாகவும் கொடுத்தார். அந்த அறிக்கையை நீதித்துறை நடுவர் வாசித்தபோது கூண்டில் நின்ற பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயத்தில் குனிகிறார்கள் என்று அரசு வக்கீல் நினைத்தார். எதிரி ஒருவர் தலைமறைவாக இருப்பதால் வாய்தா. மறுபடி வாய்தா. வாய்தாவுக்கு வந்து வந்து, காத்திருக்கிற நேரத்துக்கு யாரோ கொண்டுவந்த ரேடியோவில் வருணனை கேட்டுக் கேட்டு, இந்தப் பெஞ்சிலேயே தளவாய் ஆட்டம் கற்றுக்கொண்டார். கூக்ளி என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஞானதிரவியம். கொய்யாக்காயை வைத்துச் சொல்லிக்கொடுத்தான். சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கும் எதிரி.

“அவுட்டு!” தளவாயின் கை மாசானத்தின் தொடையில் விழுந்தது. எண்பத்து மூன்றுக்கு ஆறு. “பாத்தீரா, ஸ்லிப்பு கேச்சு! யாரு சொன்னது? நான் சொன்னேன்.” “ஒரு கேச்சுக்கு இம்புட்டுச் சத்தமா? உள்ள இருந்து டவாலி வந்து மூணு பேரையும் தூக்கி வெளிய போட்டுருவாரு,” என்றார் கொம்பையா. வக்கீல் ஜெபக்கனி கறுப்பு அங்கியை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு படியேறி வந்தாள். மாசானத்தை மட்டும் தனியாகத் தூணோரம் கூப்பிட்டாள். “அய்யா, இதுக்கு அடுத்தாப்புல நம்ம கேசுதான். புது நடுவர் கண்டிப்பா சொல்லிட்டாங்க, தலைமறைவு எதிரி வந்தாலும் வராட்டியும் இன்னைக்கு சாட்சி விசாரணை. ஏட்டு கூண்டுல ஏறுவாரு. அரசுத் தரப்பு முடிச்சதும் நான் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி. இந்தப் பலகையில உதிரிங்கிறது யாரு, அடையாளம் காட்டுங்க. அவ்வளவுதான். கேசு அங்கனயே நொறுங்கிரும். சிரிப்பா சிரிக்கப் போகுது கோர்ட்டு.” அவள் கண்ணில் அப்போதே சிரிப்பு இருந்தது. சின்னப் பெண், கெட்டிக்காரி, அவள்மேல் தப்பில்லை. சிரிப்பா சிரிக்கும். அந்தச் சொல்லை மாசானம் உள்ளுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பதினேழு வருடமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். இப்போது நாள் வந்து நிற்கிறது. ஜெயிப்போம். ஜெயித்த பிறகு? பஸ்ஸில், சலூனில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்ன சொல்வார்கள்? ரன்னைத் தேடிப் போன போலீஸ்காரன் கதை சொல்வார்கள். பேருந்து நிலையத்தில் எக்ஸ்ட்ராவைத் துரத்தின கதை. விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேலியை யார் போட்டார்கள் என்று ஒருத்தன் கேட்பானா? கல்லைக் கொட்டின லாரி யாருடையது என்று கேட்பானா? வேலி, பூட்டு, கல், பதில், வழக்கு, எல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்து ஓடிவிடும். அகலப்பந்தில் வந்த வெற்றி. மட்டையில் படாமல் வந்த வெற்றி. அவர் அந்தக் கூண்டில் நின்று மைதானத்தைப் பற்றிப் பேச ஒரு உரையே வைத்திருந்தார், குளிக்கும்போது சொல்லிப் பார்த்த உரை; சிரித்து முடித்த கூட்டத்தில் அதை யார் கேட்பார்? “என்னய்யா, கேட்டுரலாமா?” “கேளு தோழர்,” என்றார். தோழர் என்றால் அவளுக்குக் கூச்சம், கன்னம் சிவக்கும். “கேளு. வேற என்ன செய்ய?”

பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்தார். வெயில் தூணைத் தாண்டி முழங்கால்வரை வந்திருந்தது. வேப்பமரத்தடியில் யாரோ யாருக்கோ பிரமாண வாக்குமூலம் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிற சத்தம். இந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஞானதிரவியம் இருமின மாதிரியே இருக்கிறது, விட்டு விட்டு. அவன் சுழற்பந்து போடுகிறவன். விரல் நீளம். கடைசி வருடம் அந்த விரலால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்காரவே முடிந்தது. “அண்ணாச்சி, சொல்லிருவோமே,” என்றான் ஒருநாள், இதே இடத்தில், தளவாய் டீ வாங்கப் போயிருந்தபோது. “எதை?” “உதிரி ஆளு இல்லன்னு. சொல்லிட்டா வாரண்டு முடியும், கேசு நகரும். சாவப்போற நேரத்துல என் பேருக்கு முன்னால எதிரின்னு எதுக்குக் கெடக்கணும்?” நேரம் வரலடா, என்றார் மாசானம். விசாரணை நடக்கணும், சாட்சி கூண்டுல ஏறணும், ஊர் பார்க்கணும், அப்பதான் போடணும். இப்ப போட்டா வீணாப் போயிரும். ஞானதிரவியம் தலையாட்டினான். அவன் எப்போதும் தலையாட்டுகிறவன். அணித்தலைவன் சொன்னால் எந்த முனையிலிருந்தும் பந்து போடுவான். இரண்டு வாய்தாவுக்குப் பிறகு டவாலி முதல் எதிரி பெயரைக் கூப்பிட்டபோது கொம்பையாதான் சொன்னார், செத்துட்டாரு அய்யா என்று. ஆறாவது, ஞானதிரவியம் எதிரியாகவே... நகராட்சிதானே காரணம்? வேலி போட்டதால்தானே சாலை, சாலையால்தானே வழக்கு? வழக்கை இழுத்தது யார்? நீதிமன்றம். நீதிமன்றம் ஏன் இழுத்தது? தலைமறைவு எதிரி. தலைமறைவு எதிரி எங்கே இருந்தான்? மாசானத்தின் வாய்க்குள் இருந்தான். இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு எப்போதும் சட்டென்று திரும்பி வேலிக்கு ஓடிவிடும். முதலாவது, வேலி போட்டார்கள்.

“போச்சு, போச்சு, நாலு போச்சு!” கொம்பையா தலையில் கைவைத்தார். பந்து மட்டையாளரின் காலுக்கு அந்தப் பக்கமாகக் குத்தி, விக்கெட் கீப்பரின் கையுறைக்கு எட்டாமல் எல்லைக் கோட்டுக்குப் போயிருந்தது. நூற்று ஐந்துக்கு ஏழு. “அவன் அடிக்கல, இவனே குடுக்கான். இந்த எக்ஸ்ட்ராதான் நம்மளக் கொல்லப் போவுது.” “அதே எக்ஸ்ட்ராதான்வே நமக்கும் சோறு போட்டுச்சு,” என்றார் தளவாய். “காலையில நம்ம பயக்க ஒருத்தனும் அடிக்கல. அதுல வந்ததுதான் கூட. எம்புட்டுன்னு பாப்போம்.” கைப்பேசியை எடுத்தார். “நேத்துப் பேத்தி இதுல எல்லாத்தையும் தமிழுக்கு மாத்திக் குடுத்திருக்கா. உமக்குப் பிடிக்கும்வே மாசானம், உம்ம பாசையிலதான் பேசுது.” மாசானம் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டாம், ஆட்டத்தைப் போடும், பந்து போயிரும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. தளவாயின் கட்டைவிரல் நம் அணியின் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனது. பதினோரு பெயர். பெயருக்கு எதிரே எண். பதினோராவது பெயருக்குக் கீழே விரல் நின்றது. ‘உதிரிகள் 24.’ விரல் நகரவில்லை. திரை மங்கியது, அவர் அதைத் தொட்டு மறுபடி வெளிச்சமாக்கினார். உதடு மட்டும் அசைந்தது, சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது மாதிரி. கொம்பையா எட்டிப் பார்த்தார், பார்த்ததும் சட்டென்று எழுந்து, பீடி குடிக்காதவர், பீடி குடிச்சிட்டு வாரேன் என்று படியிறங்கிப் போனார்.

தளவாய் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் திரும்பச் சாத்தினார். ஆட்டம் திரும்ப ஓடியது. ஒருத்தன் அவுட்டானான், இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருவரும் கை தட்டவில்லை. அரசு வக்கீலின் குமாஸ்தா வந்து, ஏட்டய்யா ரெடியா இருங்க என்று சொல்லிவிட்டுப் போனான். “உமக்கு எப்பத் தெரியும்?” என்றார் தளவாய், திரையைப் பார்த்தபடியே. “எழுதுனதே நான்தானே.” “ஆமா. நீருதான எழுதுனீரு.” தளவாயே தொடர்ந்தார். “பஸ் ஸ்டாண்டுல கண்டேன்னு எழுதிக் குடுத்தேன்வே. மேல இருந்து நெருக்குனாவ. மூணு மாசமா ஒருத்தனத் தேடி ஒரு துப்பும் இல்லன்னா எவன் நம்புவான்? ஆனா பொய் சொன்னமேன்னு பெறகும் தேடிக்கிட்டேதான் இருந்தேன். ரிட்டயர் ஆன பெறகும். கூட்டத்துல யாராவது உதிரின்னு கூப்புட்டா திரும்பிப் பாப்பேன்.” மாசானம் எதிரில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசின் கிழிந்த மூலையைப் பார்த்தார். எத்தனை தடவை இந்தக் காட்சியை நினைத்து நினைத்து ருசித்திருக்கிறார். தளவாயின் முகம் இப்படி ஆகும், அப்படி ஆகும் என்று. முகம் ஒன்றும் ஆகவில்லை. கிழட்டு முகம். மீசையில் டீ. “இன்னைக்கு வக்கீலம்மா அதைத்தான் கேக்கப் போவுதோ?” “ஆமா.” “சரி. கொஞ்ச முன்ன என்னமோ சொன்னீரே,” என்றார் தளவாய். “கையில ஓட்டம் கம்மின்னா நல்ல பந்தை இப்பமே போடணும், வச்சிருந்தா கடைசி வரவே வராதுன்னு. நல்ல ரோசனை. நீருதான் வச்சிக்கிட்டே இருந்துட்டேரு. ஞானதிரவியம் பாவம், போய்ட்டான்.” அவர் குத்திக்காட்டவில்லை. ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற குரலிலேயே, ஒரு பிடி நழுவினதைச் சொல்வது மாதிரி சொன்னார். அதனால்தான் அது உள்ளே இறங்கியது. ஆறாவது, ஞானதிரவியத்தை எதிரியாகவே சாக விட்டார்கள். விட்டார்கள் இல்லை. விட்டோம்? கொம்பையாவும் மற்றவர்களும் அவர் கையைத் தூக்கியதால் வாயை மூடினவர்கள். விட்டேன். ஆறாவது, ஞானதிரவியத்தை எதிரியாகவே சாக விட்டேன். வாக்கியம் மற்ற ஐந்தையும் போல நிமிர்ந்து நின்றது. திரும்பவும் சொல்லிப் பார்த்தார். இடறவில்லை. வேலிக்கு ஓடவும் தோன்றவில்லை.

திரையில் நூற்று இருபத்தொன்றுக்கு ஒன்பது. இன்னும் ஆறு ஓட்டம், ஒரு விக்கெட். அணித்தலைவன் கடைசியில் சுழற்பந்துக்காரனைக் கூப்பிட்டுவிட்டான். அவன் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். கொம்பையா திரும்பி வந்து எட்டி நின்றே பார்த்தார். “இப்பக் கூப்புடுதான் பாரு,” என்று ஆரம்பித்தவர் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து டவாலி வாசலுக்கு வந்து வழக்கு எண்ணைக் கூவினார். தளவாய் கைப்பேசியை அணைத்தார். முழுசாக அணைத்தார், பந்து வீசுகிறவனின் கை மேலே எழும்பிய இடத்தில் திரை கறுத்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, பழைய போலீஸ் நடையில் உள்ளே போனார். மாசானம் ஜெபக்கனியின் அங்கியைத் தொட்டார். “தோழர். அந்தக் கேள்விய விட்டுரு.” அவள் நின்றுவிட்டாள். “அய்யா! பதினேழு வருசமா...” “விட்டுரு. மைதானத்தைப் பத்திக் கேளு. வேலியப் பத்திக் கேளு. இருக்கான்னு கேளு, இல்லையான்னு கேளு. தோத்தாலும் அதுல தோப்போம்.” “அது செல்லாதுய்யா. நிச்சயமா தண்டனதான்.” “நான்தான சொல்லுதேன்.” ஏன் சொன்னார் என்று அவருக்கே தெளிவில்லை. கருணை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு விருப்பமில்லை. கருணை பணக்காரன் வைத்துக்கொள்கிற சாமான் என்று எழுதினவர். ஆனால் நெஞ்சுக்குள் எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உள்ளே போய் மற்ற எதிரிகளோடு கூண்டில் ஏறினார். கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த இடம் ஞானதிரவியம் பிடித்து நின்ற இடம். எதிரே பெஞ்சில் மற்ற சாட்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்: இரண்டு காவலர்கள், அன்றைக்குச் சாலையில் மறிக்கப்பட்ட பஸ்ஸின் டிரைவர். டிரைவர் கிழவராகியிருந்தார்.

சாக்கைப் பிரித்துப் பலகையை எடுத்து மேசைமேல் சாத்தினார்கள். வெள்ளை எழுத்து அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் நின்றுதான் பேசியது. தன் கையெழுத்தைத் தானே பார்த்தபோது மாசானத்துக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. சம்பவ இடத்தில் கைப்பற்றிய பலகை இதுதானா என்று அரசு வக்கீல் கேட்டார். இதுதான் அய்யா என்றார் தளவாய். இதில் கண்ட பெயர்களைத்தான் எதிரிகளாகச் சேர்த்தீர்களா? ஆமா அய்யா. பெயர்களை வாசித்துக் காட்டுங்கள். தளவாய் கண்ணாடியை மாட்டினார். மாட்டிவிட்டு வாசிக்காமல் நின்றார். நடுவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “என்ன, எழுத்து தெரியலையா?” “தெரியுது அய்யா. அன்னைக்குப் பாதியத்தான் வாசிச்சேன். இன்னைக்கு இருக்கதை இருக்கபடியே முழுசா வாசிக்கேன்.” பேரு மட்டும் போதும் என்றார் அரசு வக்கீல். தளவாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “ஞானதிரவியம்,” என்றார், தெருமுனையில் நின்று ஆளைக் கூப்பிடுகிற பழைய குரலில். அந்தப் பெயரில் முதல் எழுத்தை இந்த நீதிமன்றத்தில் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை, தளவாய் சொன்னார். “ஏழு ரன்.” எங்கோ பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. “மாசானம், சைபர்.” யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாசானத்துக்குக் காது சுட்டது. பதினேழு வருடத்தில் அந்த சைபரை அவரே மறந்துபோயிருந்தார். சிரிக்கட்டும். ஆடினவன்தானே சைபர் எடுக்க முடியும். “சிவபெருமாள், ரெண்டு. கொம்பையா, பதினொண்ணு.” கொம்பையா கூண்டுக்குள்ளேயே கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். பெயரும் எண்ணும், பெயரும் எண்ணும். கேட்கக் கேட்க, நடுவரின் முகத்தில் ஏதோ மெல்லத் திறந்தது. ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். சாட்சிப் பெஞ்சில் பஸ் டிரைவர் முன்னால் சாய்ந்து, ஆட்டமா, ஆட்டமா அது என்று பக்கத்துக் காவலரிடம் கேட்டது மாசானத்துக்கே கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. பதினோராவது பெயரை வாசித்துவிட்டுத் தளவாய் கண்ணாடியைக் கழற்றினார். இனி பலகையைப் பார்க்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. கூண்டைப் பார்த்தார், மாசானத்தை ஒரு தடவை. பிறகு நடுவரைப் பார்த்து, ஆணைக்கு நிற்கிற மாதிரி இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “கடைசியா ஒரு பேரு அய்யா. இவங்க எல்லாரையும் விட அதிகமா எடுத்தது. பத்தொம்பது. நான் இத்தனை வருசம் தேடினது. இது ஆளு இல்ல, அய்யா. பன்னிரண்டாவது எதிரி,” என்று சொல்லி நிறுத்தி, நீதிமன்றம் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரை வாசித்தார்:

“உதிரி.”